லியேஜிலிருந்து மூன்று அழைப்புகள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலில் வேறு காரணங்கள் எழுதியிருந்தேன். பயணம், தாயும் மகளும், அந்நிய நகரங்கள் என்று ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.

உண்மையில் நடந்தது இதுதான். போன ஜூன் மாதம் ஒரு காலையில் வாட்ஸப்பில் ஒரு புகைப்படம் வந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு கால்வாய்ப் பாலத்தின் மேல் என் அம்மா சைதுன்னிசா தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். போட்டிருப்பது என் தங்கை அஃப்ஷீனின் மழைக்கோட்டு. அந்தக் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அஃப்ஷீனும் சிரிக்கிறாள்.

எனக்கு முப்பத்து நான்கு வயது. இந்தப் பயணத்துக்கு முன் ஒருநாள்கூட அம்மாவைப் பிரிந்து இருந்ததில்லை. அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

2

தொடக்கம் ஒன்று: ‘ஐரோப்பாவின் கோடை மிக இதமானது. நகரங்களின் கற்பாதைகளில்’

(எனக்கு எப்படித் தெரியும்? முதலிபாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நான் சரிபார்த்து அனுப்பிய பனியன்கள் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியிருக்கின்றன. நான் கோயம்புத்தூர் விமான நிலையத்தின் வாசல் வரைதான் போயிருக்கிறேன், வழியனுப்ப.)

தொடக்கம் இரண்டு: ‘தஹ்சீனின் தங்கை சுயநலக்காரி. அவள்’

இங்கே பேனா நின்றுவிட்டது. தஹ்சீன் நான்தான். அஃப்ஷீன் சுயநலக்காரி இல்லை, அதுதான் இந்தக் கதையின் சிக்கல். அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் கதை தானாக ஓடியிருக்கும். அத்தா ராஜா முகமது இறந்தபோது எனக்குப் பத்தொன்பது, அவளுக்கு ஒன்பது. நான் படிப்பை விட்டு கம்பெனிக்குப் போனேன். அவள் படித்தாள், நன்றாகப் படித்தாள். இப்போது ஜெர்மனியில் ஆகென் நகரத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறாள். அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாவது மாதமே, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவேன் என்று சொன்னாள். சொன்னபடி விசாவுக்கு அழைப்புக் கடிதமும் அனுப்பினாள்.

அந்தக் கடிதத்தில் ஒரு பெயர்தான் இருந்தது.

“அடுத்த தடவ நீ வாக்கா. உனக்கு சீசன்ல லீவு தர மாட்டாங்கல்ல” என்றாள்.

நான் லீவு கேட்டுப் பார்க்கவே இல்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

3

படம் வந்து சில நாள் கழித்து, கம்பெனியில் பையர் இன்ஸ்பெக்ஷன். பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிரக்கூட நேரமில்லை. அப்போது என் போனில் பெல்ஜியம் எண் ஒன்று

பொய். இந்தப் பத்தி வேண்டாம். இன்ஸ்பெக்ஷன் மதியமே முடிந்துவிட்டது. மாலை மூன்றரை மணி இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, ஆம்ஸ்டர்டாம் படத்தைப் பெரிதாக்கி அம்மாவின் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தின் மேலேயே அழைப்பு வந்தது.

முந்தின நாள் அஃப்ஷீனும் அம்மாவும் பிரஸ்ஸல்ஸில் ஒரு தோழியின் வீட்டில் தங்கியிருந்தார்கள். தோழியின் போனிலிருந்து அஃப்ஷீன் கூப்பிட்டு, அரண்மனையையும் சாக்லேட் கடையையும் அரை மணி நேரம் காட்டினாள். இதுவும் அதே போல ஒரு பெல்ஜியம் எண்தான், இன்னொரு கடை காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கட் செய்தேன்.

மறுபடி வந்தது. கட் செய்தேன்.

மூன்றாவது முறை அடித்தபோது கொஞ்ச நேரம் அடிக்கவிட்டேன். காத்திருக்கட்டும் என்றிருந்தது. பிறகுதான் துண்டித்தேன். (இந்த வாக்கியத்தை நான்கு முறை நீக்கி நான்கு முறையும் திரும்பச் சேர்த்தேன்.)

4

பத்து நிமிடம் கழித்து அஃப்ஷீனின் பெயரே திரையில் வந்தது. எடுத்தேன்.

“அக்கா, அம்மா உனக்குக் கூப்டாங்களா?”

“இல்லியே. ஏன்?”

பதில் முதலில் வந்தது, கேள்வி அப்புறம்தான்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆகெனுக்குத் திரும்பும் வழியில் லியேஜ் என்ற ஊரில் ரயில் மாற வேண்டும். அஃப்ஷீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். ஏறப்போன அம்மா, குழந்தை வண்டியோடு இறங்கிய ஒரு பெண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறாள். கதவு மூடிவிட்டது. ரயில் கிளம்பிவிட்டது. அம்மாவின் போன் அஃப்ஷீனின் கைப்பையில்.

“அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பிப் போகணும்க்கா. ஒரு மணி நேரம் ஆயிரும். அவங்களுக்கு உன் நம்பர் மட்டுந்தான் மனப்பாடமாத் தெரியும். யார்கிட்டயாச்சும் போன் வாங்கி உனக்குத்தான் பண்ணுவாங்க. எடுத்துரு அக்கா, ப்ளீஸ்.”

(அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் நம்பர் மட்டும். அம்மா முன்பின் தெரியாத ஊரில் தனியாக நிற்கும்போது எனக்கு முதலில் வந்தது அந்தச் சந்தோஷம்தான். பயம் அதற்கப்புறம்தான் வந்தது. வந்ததும் டீயைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன்.)

5

நான் கட் செய்த அந்தப் பெல்ஜியம் எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். ஓர் இளம்பெண் எடுத்தாள். தயங்கித் தயங்கி ஆங்கிலம் பேசினாள்.

உங்கள் அம்மா நலமாக இருக்கிறார், நிலைய ஊழியர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் என் ரயிலில் ஏறினேன் என்றாள். மூன்று முறை முயன்றும் நீங்கள் எடுக்கவில்லை, நான் கவலைப்பட்டேன், ஆனால் உங்கள் அம்மாதான் என் கையைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னார் என்றாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் அம்மாவின் உச்சரிப்பிலேயே சொல்ல முயன்றாள்.

“டாட்டர், டூட்டி. டாட்டர், டூட்டி.”

அம்மா இருபது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அங்கே கற்றதுதான். அதை வைத்து, மகள் வேலையில் இருக்கிறாள் என்று சொல்லி, என்னை ஒரு வேற்று நாட்டுப் பெண்ணிடம் காப்பாற்றியிருக்கிறாள்.

அஃப்ஷீனைக் கூப்பிட்டேன். “ஸ்டேஷன் ஆளுங்ககிட்ட இருக்காங்க. விசாரிச்சுட்டேன்.”

“எப்படிக்கா?”

“அப்பறம் சொல்றேன். நீ மொதல்ல போ.”

அப்புறம் நான் சொல்லவே இல்லை. அவளாகவே ஒன்றை நினைத்துக்கொண்டாள். அதைத்தான் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறாள்.

6

ஊர் திரும்பிய அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் லியேஜ் கதையைத்தான் சொன்னாள். பக்கத்து வீட்டு மயிலாத்தாளிடம் இரண்டு முறை.

“என்ற பெரிய மவ இங்க கம்பெனில உக்காந்துக்கிட்டே எங்கெங்கயோ போனப் போட்டு என்னயக் கண்டுபுடிச்சுட்டாளுங்க.”

“அப்படீங்களா. நம்ம தஹ்சீனு கெட்டிக்காரிதானுங்க.”

நான் உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் ஐரோப்பாவில் எனக்கென்று ஓர் இடம் கிடைத்துவிட்டது. பொய்யான இடம். ஆனாலும் எழுந்து போய் மறுக்கவில்லை.

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) மகள் உண்மையைச் சொல்லி அழுகிறாள். தாய் அணைத்துக்கொள்கிறாள்.

(ஆ) மகள் சொல்லவே இல்லை. புகழைச் சுமந்துகொண்டு

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாத்தாள் கிளம்பிப் போனதும், அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, அந்த மூணு போனும் வந்துச்சு. நாந்தான் கட் பண்ணுனேன்.”

“டூட்டில இருந்துருப்ப.”

“இல்லம்மா. சும்மாதான் உக்காந்திருந்தேன். அஃப்ஷீன்னு நெனச்சேன். அதான் எடுக்கல.”

அம்மாவின் கை நின்றது.

“காலெல்லாம் நடுங்குச்சு கண்ணு. யாரு பேசறதும் வெளங்கல. உன்ற கொரலு கேட்டாப் போதும்னு இருந்துச்சு.”

அணைப்பும் இல்லை, அழுகையும் இல்லை. இரண்டு காய் உரித்த பிறகு அவளே பேசினாள்.

“இத அஃப்ஷீன்கிட்டச் சொல்லிராத. அவ மேல உனக்கு இப்பிடி ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவா.”

“சரிம்மா.”

தன் கால் நடுங்கியதைச் சொல்லும்போதுகூட அம்மா கவலைப்பட்டது அஃப்ஷீனுக்கு வலிக்கக் கூடாது என்றுதான். அது தைத்தது. அதே சமயம், தங்கைக்குத் தெரியாத ஒன்று எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் முதன்முறையாக வந்துவிட்டது. அன்று முழுக்க அதை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். வலித்ததும் மகிழ்ந்ததும் ஒரே மனசுதான்.

7

இதற்கு மேல் கதை என் கையில் இல்லை.

நான் எழுதுவது எதுவாக இருந்தாலும் அஃப்ஷீன் வாசித்துவிடுவாள். பெயர்களை மாற்றலாம் என்று பார்த்தேன். மாற்றினாலும் ஆம்ஸ்டர்டாம் பாலமும் அந்தக் கோட்டும் அவளுக்குத் தெரியாதா? லியேஜை எடுத்துவிட்டால் கதையே இல்லை. ஆகவே எதையும் மாற்றவில்லை. பீரோவில் போட்டுப் பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி.

நீங்கள் இதை வாசித்துவிட்டீர்கள். அப்படியென்றால் அவளும் வாசித்திருப்பாள். அம்மாவிடம் சொன்ன ‘சரிம்மா’ அவ்வளவுதான். தங்கையிடம் இனி ஒளிக்கக் கூடாது என்று இதை அச்சுக்குக் கொடுத்தேனா, அவள் உடைவதைப் பார்க்க வேண்டும் என்று கொடுத்தேனா? ஆறு பக்கம் எழுதியும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வெளியாள். நீங்கள் சொல்லுங்கள்.