மாதிரிக்குச் செத்தவர்

ஒரு தலையில் ஒரு மூட்டைதான் ஏறும். இரண்டாவதை ஏற்றினால் கழுத்து முனகும். மூன்றாவதை ஏற்றினால் மூன்றுமே நிலத்தில் கிடக்கும். சுமந்து பார்த்தவனுக்கு இது தெரியும். குருநகர் றஜிந்தனுக்குத் தெரியவில்லை. அவனுடைய சுமையெல்லாம் கணினித் திரைக்குள் இருந்தபடியால் பாரம் கண்ணுக்குப் படவில்லைப் போலும்.

கிழமை நாட்களில் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கந்தோரில் இணையத்தளம் செய்கிற வேலை. சனி, ஞாயிறு பட்டப்படிப்பு. மிஞ்சுகிற நேரத்தில், அதாவது மற்றவர்கள் சாப்பிடுகிற நேரத்தில், வெளிவேலை. கோயில் திருநாளுக்கு ஒரு தளம், ரியூசன் கொட்டிலுக்கு ஒரு தளம், கடைசியாகக் கனடாவில் இருக்கிற மாமன் மகன் கெல்வினுக்கு மரண அறிவித்தல் தளம்.

படிப்பில் ஒரேயொரு பாடம் பாக்கி. போன வருசம் அந்தச் சோதினை அன்று முதலாளி, "ஒரு சின்ன வேலை தம்பி" என்று மறித்துப் பின்னேரம்வரை இருத்திப்போட்டார். இந்த முறை சனிக்கிழமை காலமை வருகிறது. இதையும் விட்டால் பட்டம் இன்னொரு வருசம் தள்ளிப்போகும். பட்டம் இல்லாவிட்டால் உந்தக் கந்தோர்க் கதிரையை விட்டு எழும்ப வழியில்லை.

வெள்ளி மத்தியானம் கெல்வின் போனில் நின்றான்.

"மச்சான், மாதிரிக்கு ஒரு அறிவித்தல் போட்டுக் காட்டடா. பொய்ப்பேர் கிய்ப்பேர் போடாதை. உண்மையான செத்தவீடு மாதிரி இருக்கோணும்."

"நாளைக்குச் சோதினை மச்சான். முடியட்டுமே."

"அஞ்சு நிமிசம்தானேடா."

ஊரான் அப்பனைச் சாகடித்தால் அடி விழும். சொந்த அப்பன் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? அக்காவின் பிள்ளைக்குக் கோயிலில் முதல் நன்மை கொடுத்த அன்று எடுத்த படம் போனில் கிடந்தது. அப்பா வெள்ளைச் சேட்டுடன், யாரோ பிடித்துவைத்த மாதிரி விறைத்து நிற்கிறார். மரண அறிவித்தலுக்கென்றே எடுத்த படம் போல அமைந்துவிட்டது. "குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஆசீர்வாதம் கனிசியஸ் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்" என்று அடித்தான். யோசப்பினின் அன்புக் கணவர், பாசமிகு தந்தை, அன்புச் சகோதரர் என்று கை தன்பாட்டில் ஓடியது. நல்லடக்கம் பின்னர் அறியத்தரப்படும் என்று முடித்தான்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து முதலாளி கத்தினார். யாரோ ஹோட்டல்காரருக்கு நீலம் பிடிக்கவில்லையாம், பச்சை வேணுமாம். "வாறன் சேர்" என்று எழும்பின அவதியில், சேமிக்கிற பொத்தானுக்குப் பதிலாக வெளியிடுகிற பொத்தானைத் தெரியாமல் அமத்திப்போட்டான். அமத்தினால் ஊர்ச்சங்கங்களின் வட்சப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் தானாகப் போகிறமாதிரிச் செய்து வைத்தவனும் அவன்தான். கெல்வின் ஏற்கெனவே அந்தக் குழுக்களைத் தளத்தில் சேர்த்து வைத்திருந்ததை அவன் அறியான்.

வீட்டுக்குப் போனதும், படிக்க வேண்டுமென்று போனை நிற்பாட்டி மேசை லாச்சிக்குள் போட்டான். செய்தி கனடாவுக்குப் போய், பிரான்சைச் சுற்றி, விடிய விடியக் குருநகருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

காலமை மோட்டச் சைக்கிளை உதைக்கிற நேரம் பெரியம்மா தலைவிரி கோலமாகப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தா.

"ஐயோ என்ரை யோசப்பின்! உன்னை விட்டிட்டுப் போட்டாரோடி!"

கனிசியஸ் முதல்நாள் பின்னேரம் கடலுக்குப் போனவர். இன்னும் கரைக்கு வரவில்லை. கடலுக்குப் போனவன் வீட்டில் இப்படி ஒருத்தி அழுதுகொண்டு நுழைந்தால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. யோசப்பின் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே இருந்துவிட்டா.

பெரியம்மா நீட்டின போனில் றஜிந்தன் தான் அடித்த அறிவித்தலைக் கண்டான்.

"அம்மா, உது நான் போட்டது! மாதிரிக்கு!"

"மாதிரிக்கோ? கடலிலை நிக்கிற மனுசனை மாதிரிக்குச் சாக்காட்டுவியோடா, அறுவானே!"

"அப்பாவுக்கு ஒண்டுமில்லை அம்மா. எனக்குச் சோதினை."

"சோதினை அடுத்த வருசமும் வரும். மனுசன் வருவாரோ? அவரை என்ரை கண்ணாலை காணாமல் நீ இஞ்சையிருந்து அரக்கக் கூடாது."

சைக்கிள் கைப்பிடியில் இரண்டு கையையும் போட்டுப் பிடித்துக்கொண்டா. தகப்பனின் போன் வேலை செய்யவில்லை. லாச்சியிலிருந்து தன் போனை எடுத்து அறிவித்தலை அழித்தான். அழித்து என்ன? படம்பிடித்து அனுப்பினவர்களின் போனுக்குள் போய் யார் அழிக்கிறது? தாயை ஏற்றிக்கொண்டு கரைக்கு ஓடினான்.

கரையில் சனம். சனசமூக நிலையத்துக் கதிரைகள் லான்ட்மாஸ்டர் உழவுயந்திரத்தில் வந்து இறங்குகின்றன. கடலில் வலை போடுகிற இடத்துக்கு வந்த சண்டையில் தமையன் கனிசியசோடு முகம் பாராமல் இருந்த செபநாயகம் சித்தப்பா மணலில் குந்தி, "அண்ணை, அண்ணை" என்று நெஞ்சில் அடிக்கிறார். றஜிந்தன் ஒவ்வொருவராய்ப் பிடித்துச் சொன்னான். ஒருவரும் கேட்கவில்லை. தகப்பன் செத்த துக்கத்தில் பெடிக்கு மூளை பிசகிவிட்டதாம்.

வெயில் ஏறின பிறகு போட் வந்தது. கனிசியஸ் தண்ணிக்குள் குதித்து இறங்கினார்.

"என்ன இவ்வளவு சனம்? ஆர் செத்தது?"

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "நீர்தான்."

யோசப்பின் ஓடிப்போய்ப் புருசனின் தோளில் ஓர் அடி போட்டா. பிறகுதான் அழுதா. செபநாயகம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பி நேரே றஜிந்தனிடம் வந்தார்.

"சகோதரர் எண்ட இடத்திலை என்ரை பேர் எங்கையடா?"

"சித்தப்பா, அது மாதிரி..."

"மாதிரியிலேயே நான் இல்லையெண்டால் உண்மையிலை எங்கை போடப்போறாய்?"

விசயத்தைக் கேட்டறிந்த கனிசியசும் திரும்பினார். "ஓமடா, ஏன் அவன்ரை பேரை விட்டனி?"

"நீங்கள்தானே அவரோடை கதைக்கிறேல்லை!"

"கதைக்காட்டி? தம்பி இல்லையெண்டு போகுமோ?"

றஜிந்தனுக்கு மண்ணை அள்ளித் தலையில் கொட்ட வேண்டும் போல இருந்தது. "அப்பா, சோதினை தொடங்கியிட்டுது" என்றான். கனிசியஸ் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிள் திறப்பைப் பறித்து, ஈரச் சாரத்தோடு ஏறி, அவனைப் பின்னால் இருத்தினார்.

சோதினை மண்டபத்து வாசலில் கேற் பூட்டு. மேற்பார்வையாளர் வெளியே வந்தார். தகப்பன் றோட்டுக்கு அங்கால் நின்றார்.

"பிந்தினால் விடேலாது தம்பி. பேர் என்ன?" தகப்பன் பேரோடு சேர்த்துச் சொன்னான். அவர் முகம் மாறியது. "குருநகரோ? அப்பாவின்ரை அறிவித்தல் எனக்கும் வந்தது. ஆழ்ந்த அனுதாபம். இந்த நிலைமையிலை ஏன் வந்தனீர்? தாய் தகப்பன் செத்தால் விசேட சோதினை ஒண்டு வைப்பினம். அடுத்த மாதமே எழுதலாம். நான் எழுதிவிடுறன்."

அடுத்த மாதம். பேசாமல் தலையாட்டினால் போதும். றஜிந்தன் திரும்பிப் பார்த்தான்.

கனிசியசுக்குக் காது கேட்டிருக்க வேண்டும். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, மதிலின் பக்கம் திரும்பி நின்றார். மகனின் சோதினைக்காக அந்த வெயிலில் செத்த ஆளாய் நின்றார். சாரத்தின் கீழே கால் மட்டும் தெரிந்தது, உப்பு வெளிறி, செதில் ஒட்டி.

"இல்லை சேர்" என்றான். "அந்தா நிக்கிறார்."

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார். "விளையாடுறீரோ?" என்றார். கேற் திரும்பப் பூட்டுப்பட்டது.

திரும்புகிற வழியில் கனிசியஸ் சொன்னார்: "கொஞ்ச நேரம் செத்துக் கிடந்திருப்பன். எனக்கென்ன குறைஞ்சுது? நீதான் அவதிப்பட்டுச் சொல்லிப்போட்டாய்."

வீட்டு முற்றத்தில் கதிரைகள் பரவிக் கிடந்தன. வந்த சனம் போகவில்லை. யோசப்பின் முணுமுணுத்தபடி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. றஜிந்தன் ஒரு செத்தவீட்டுக் கதிரையில் இருந்தான். போன் அடித்தது.

"மச்சான், கலக்கிட்டாய்! எவ்வளவு சனம் பாத்திருக்குத் தெரியுமோ! ஏன் அழிச்சனி? திரும்பப் போடு. அதோடை உன்ரை செபநாயகம் சித்தப்பா எடுத்து என்னை ஏசுறார். அவற்றை பேரையும் சேர்த்துவிடு. அஞ்சு நிமிசம்."

"ஏலாது."

"என்ன?"

"ஏலாது எண்டன்."

வைத்தான். உடனே திரும்ப அடித்தது. இந்த முறை முதலாளி.