பெட்டிக்குள் இருந்த அட்டை

"ஏன் அண்ணி, வீட்டு மனுஷிக்கே ரெட்டை விலையா? நல்லா இருக்கு உங்க வியாபாரம்!"

போனில் நாத்தனாரின் குரல் சுள்ளென்று வந்து விழுந்தது. விளக்கக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. முயல் விளக்கு, நிலா விளக்கு என்று குழந்தைகளின் அறைக்கான விளக்குகளை இணையத்தில் விற்கப் போய், வாடிக்கையாளர்கள் செல்லமாக ஒட்டிவிட்ட பெயர் அது. நாத்தனார்கூடத் தன் மகளுக்காக ஒரு முயல் விளக்கு வாங்கியிருந்தாள். அதுவும் தள்ளுபடி வேண்டாம் என்று வீம்பாக முழு விலை கொடுத்து.

"என்னடி ரெட்டை விலை? புரியுற மாதிரி சொல்லு."

"பெட்டிக்குள்ள ஒரு அட்டை இருக்கு. 'அடுத்த முறை நேராக எங்களிடமே வாங்குங்கள், பாதி விலை'ன்னு போட்டு போன் நம்பரும் இருக்கு. உங்க கடைப் பேரே காணோம். யாரு அண்ணி இவன்?"

யாரென்று அவளுக்குத் தெரியாதா? மொத்த வியாபாரி! அவள் செய்வது டிராப்ஷிப்பிங். ஆர்டர் அவளிடம் வரும். அவள் அதை மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிடுவாள். அவருடைய கிடங்கிலிருந்து சரக்கு நேராக வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். வீட்டில் ஒரு விளக்கைக்கூட அவள் அடுக்கி வைத்ததில்லை. அதற்காகச் சும்மா சம்பாதிக்கிறாள் என்று அர்த்தமா? விளம்பரம் கொடுப்பது யார்? 'எப்போ வரும், எப்போ வரும்' என்று நச்சரிக்கும் நூறு பேருக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வது யார்? மூன்று வருடம் ஒவ்வொருவராகச் சேர்த்த வாடிக்கையாளர்களை ஓர் அட்டையைப் போட்டு அள்ளிக்கொண்டு போகிறாரே மனுஷன்!

விடுமுறைக் கால விற்பனை வேறு உச்சத்தில் இருந்தது. அன்று மதியத்துக்குள் அறுபத்து மூன்று ஆர்டர்களைக் கிடங்குக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் விடுமுறை முடிந்தபிறகுதான் விளக்கு போய்ச் சேரும். அனுப்பினாலோ, அறுபத்து மூன்று பேரையும் தட்டில் வைத்து அவரிடம் நீட்டிய மாதிரி.

அவருக்கே போன் போட்டாள்.

"என்னண்ணே அக்கிரமம் இது? என் கஸ்டமர் பெட்டியில உங்க அட்டை எதுக்கு?"

"பதறாதம்மா. நீ எழுதி அனுப்புறதைத்தான் செய்யறோம்."

"நானா?"

"ஆர்டர்ல குறிப்புன்னு இருக்கிற இடத்துல 'பரிசு'ன்னு போடுறியா இல்லையா? பரிசுன்னா பில் வைக்க மாட்டோம், அதுக்குப் பதிலா அட்டை வைப்போம். எங்க பேக்கிங்ல அதான் பழக்கம்."

விளக்கக்காவுக்குப் பகீரென்றது. பில் போனால் மொத்த விலை வெளியே தெரிந்துவிடும் என்று எல்லா ஆர்டரிலும் 'பரிசு' என்று தட்டிக்கொண்டிருந்தாள். சாமர்த்தியம் என்று நினைத்தாள். இப்போது தன் விரலே தன் கண்ணைக் குத்திவிட்டது.

"பில் வைக்காதீங்கன்னா, என் ஆளை இழுத்துக்கோங்கன்னு அர்த்தமாண்ணே?"

"சரக்கு எங்களோடதும்மா. நீ நடுவுல நிக்கிறவ. சீசன் முடியட்டும், பேசிக்கலாம். இந்த நேரத்துல வேற எங்க போவ?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

நடுவில் நிற்கிறவளாம்! அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மடமடவென்று அறுபத்து மூன்று ஆர்டர்களையும் அனுப்பினாள். இந்த முறை குறிப்பில் 'பரிசு' இல்லை. 'நேரில் வந்து எடுத்துக்கொள்ளப்படும்' என்று இருந்தது. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். விடுமுறை என்பதால் வண்டியைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"வண்டியை எடுங்க."

"எங்கே?"

"சண்டைக்கு."

கிடங்கில் பேக்கிங் மேஜையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியைப் பிரித்து, பில்லை உருவிவிட்டு, தன் கடைச் சீட்டை வைத்து, டேப் ஒட்டினாள். கணவர் விலாசம் ஒட்டினார். ஒன்பதாவது பெட்டியில் முயலுக்கு ஒரு காது இல்லை. பதினான்காவதிலும் அப்படியே. பெட்டியில் ஒரு நசுங்கல்கூட இல்லை. காது தனியாக அடியில் கிடந்தது.

அப்படியென்றால் உடைந்தேதான் கிளம்புகிறதா? 'வழியில உடைஞ்சிருக்கும்மா' என்று மொத்த வியாபாரி சொன்ன ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர்கள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, புது விளக்கை அவரிடமே காசு கொடுத்து வாங்கி அனுப்பினாளே!

சத்தம் கேட்டு அவரே வந்துவிட்டார். "பெட்டியைப் பிரிச்சா சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம்மா!"

"திருப்பிக் குடுக்க வரலண்ணே, மாத்தி வாங்க வந்திருக்கேன்." இரண்டு காதுகளையும் மேஜையில் டொக் டொக்கென்று வைத்தாள். "இது எந்த வழியில உடைஞ்சுது? உங்க அலமாரிக்கும் இந்த மேஜைக்கும் நடுவுலயா?"

பேக்கிங் பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூரியர் அஞ்சு மணிக்கு மூடிடுவான். இன்னிக்கு என் பெட்டியில ஒண்ணு நின்னாலும் இந்தக் காதுங்க படத்தைக் கடைப் பக்கத்துல போடுவேன். கீழே உங்க நம்பரும் இருக்கும். எல்லாரும் உங்களுக்கே நேரா போன் பண்ணட்டும். அதுதானே உங்க ஆசை?"

அவர் முகம் சுண்டிப்போனது. "ரெண்டை மாத்திக் குடுத்து அனுப்புங்கடி" என்று முறுமுறுத்துவிட்டுத் திரும்பினார்.

"இருங்கண்ணே, எங்க ஓடுறீங்க?" அடுத்த பெட்டியின் டேப்பைச் சர்ரென்று கிழித்தாள் விளக்கக்கா. "இன்னும் நாப்பத்தொம்பது இருக்கு."