தண்ணீர்மேல் பூ

1

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள், கண்ணுகளா. என் குரல் இப்போதெல்லாம் தூரம் போவதில்லை. ஒரு படகின் கதை சொல்கிறேன். கண்டிப் பக்கம் ஏது படகு என்று சிரிக்க வேண்டாம். விக்டோரியா நீர்த்தேக்கத்தில், ஓய்வுபெற்ற ஒரு தோட்டத் துரையின் பழைய பாய்மரப் படகு நின்றது. காற்றில்லாத நாளுக்கு அதன் வயிற்றில் ஒரு டீசல் எஞ்சின். அதைப் பார்த்துக்கொண்ட கட்டுகஸ்தோட்டை மெக்கானிக் மர்சூக் நானா எனக்குச் சொன்னது இது. பாதிதான் சொன்னார்.

முதல் வரியைப் பலவாறு எழுதிப் பார்த்தேன். 'அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களில்...' (வேண்டாம், பத்திரிகைச் செய்தி.) 'மூக்காயி இறந்த மூன்றாம் நாள்...' (அவள் யாரென்றே நீங்கள் அறியவில்லையே.)

2

மூக்காயி கொழுந்து பறித்தவள். ஒரே பிள்ளை, நாலு மாதத்தில் காய்ச்சலில் போனது. சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை; மகாவலிக் கரையில் புதைத்தார்கள். பிறகு அணை வந்து, அந்த இடமும் தண்ணீருக்குள் போனது. "என் சாம்பலப் புள்ள மேல கரைச்சிருங்க" என்று புருஷன் அழகமுத்துவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, தொண்ணூற்றேழாம் ஆண்டில் அவளும் போனாள்.

சாம்பல் கலயத்தோடு அழகமுத்து வந்து கேட்க, துரைக்குத் தெரியாமல் நானா படகை எடுத்தார்.

3

பாதி வழியில் சூட்டுமானியின் முள் சிவப்பைத் தொட்டது. நானா பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி துப்பல்லயே!"*

எஞ்சினை நிறுத்தினார். பெல்ட் சரி. அடியில் தண்ணீர் ஏறும் வால்வைப் பூட்டிவிட்டு வடிகட்டியைத் திறந்தார். உள்ளே சாணி உருண்டைபோல் செவ்வந்தி இதழ்கள்.

"அண்ணே, சோத்துல முடி கண்டிருக்கேன். எஞ்சின்ல மாலைய இப்பத்தான் காணுறேன். என்ன செஞ்சீங்க?"

"முன்னால இருந்து வழிநெடுகப் பூப் போட்டேன் நானா."

"தண்ணிலயா?"

"ரோட்டுல தூக்கிட்டுப் போனா போடமாட்டோமா? அவள மட்டும் வெறும் வழியில கொண்டுபோறதா?"

நானா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தண்ணீரை உறிஞ்சும் பம்பைக் கழற்றினார். தண்ணீரில்லாமல் சுற்றியதில் ரப்பர்ச் சக்கரத்தின் தகடுகள் பிய்ந்து, மூன்றுதான் மிஞ்சியிருந்தன. மாற்றுச் சக்கரம் இல்லை; அதையே திரும்பப் பூட்டி, வால்வைத் திறந்தார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"அந்த ரெண்டு மலையும் ஒட்டித் தெரியணும். அதுக்கு நேரேதான் புள்ள."

மலைகளுக்கு நடுவே இன்னும் வானம் தெரிந்தது.

"போகலாம் அண்ணே. ஆனா இங்க இருந்தே திரும்பினாத்தான் இது தாங்கும். அங்க போற வழியில எஞ்சின் இறுகினா அதோட முடிஞ்சிது. துரை என்ன வச்சிக்கமாட்டாரு. நாலு பிள்ள ஈக்கிது எனக்கு." கலயத்தைப் பார்த்து, "எல்லாம் ஒரே தண்ணிதானே?" என்றார்.

"அவ கேட்டது தண்ணிய இல்ல நானா."

(அழகமுத்து இப்படிப் பேசக்கூடியவர்தானா? நானா சொன்னபடி, அவர் வெறுமனே தலையை ஆட்டினார். வாக்கியம் நான் வைத்தது. எடுத்துப் பார்த்தேன், படகு இன்னும் கனத்தது.)

4

முடிவு ஒன்று: காற்று எழும்பியது, பாய் விரிந்தது... கிழித்துவிட்டேன். கேட்ட நேரத்தில் காற்று வருமென்றால் அந்தப் பிள்ளையும் பிழைத்திருக்கும்.

முடிவு இரண்டு: அழகமுத்து அங்கேயே கலயத்தின் துணியை அவிழ்த்து, "மூக்காயி, இவ்வளவுதான்..." இதற்குமேல் என் பேனா போகவில்லை.

முடிவு மூன்று: நானா எஞ்சினை முடுக்கினார். இதை எழுத எனக்கு ஆசை. ஆனால் அந்த நாலு பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

"பொறகு என்ன நடந்திச்சு நானா?" என்று கேட்டேன். அவர் எழுந்து, "அந்தப் படகுல எனக்கு இப்ப வேல இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகையால் அவர்களை அங்கேயே விடுகிறேன். முடுக்கியில் கை வைத்தபடி ஒருவர், மடியில் கலயத்தோடு ஒருவர். முன்னால் போக விடுவதா, திருப்பி அனுப்புவதா, நீங்களே பாருங்கள்.

போய்வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகள் வயதாகி, நரைத்து, உங்களைத் தூக்கட்டும். அவர்களை நீங்கள் தூக்கும் நாள் உங்கள் வாசலுக்கு வராமலே போகட்டும்.

* அந்த எஞ்சின் ஏரித் தண்ணீரை உறிஞ்சி, தன்னைக் குளிரவைத்து, புகையோடு பின்னால் துப்பும். துப்பாவிட்டால் உள்ளே வேகிறது என்று அர்த்தம்.