ஓடையின் கடைசிப் பக்கம்

1

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்குள் அணைத்தேன். ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கதை மாமனார் என் தலையில் கட்டியது. அச்சகம் வைத்திருக்கிறார். அவர் மகள், என் மனைவி, கல்லூரியில் புவியியல் நடத்தினாள். ஒரு காட்டோடையைப் பற்றிச் சின்னப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து, இதே மேசையில் சரிந்தாள்.

“நீங்கதான் கூடவே சுத்துனீங்க மாப்ள. கதையாவாவது முடிச்சுக் குடுங்க” என்றார்.

2

தொடக்கம் ஒன்று: அடர்ந்த கானகத்தின் மடியில் பிறந்து, துள்ளிக் குதித்து…

(கணுக்கால் நனையாத தண்ணீர் எங்கே துள்ளுவது? அடித்தாயிற்று.)

தொடக்கம் இரண்டு: மேற்குச் சரிவில், பிளந்த பாறைக்கு அடியில் ஊற்று கசிகிறது. அகலம் ஒரு சாண். வேர்களில் படிப்படியாக இறங்கி, கரும்பாறையில் முட்டி இடப்பக்கம் திரும்புகிறது. அங்கே இன்னொரு ஊற்று சேர்கிறது. பிறகு சமதளம், சேறு, நாணல். அப்புறம் கூழாங்கல் படுகை. அதில் ஓடை மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போகிறது.

சரிவின் அடியில் இரண்டு இடங்களில் தண்ணீர் வெளிவருகிறது. ஒன்று ஆற்றுக்குப் போகிறது. மற்றது சதுப்பில் முடிகிறது. எது நம் ஓடை?

(‘நம்’ என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

3

இங்கே அவளைப் பாத்திரமாகக் கொண்டுவர வேண்டும். காட்டின் மகளைப் போல அவள்…

கொசு கடித்தால் காட்டையே திட்டுகிறவள். வேண்டாம், நடந்ததையே எழுதுகிறேன். படுகையில் சாயம்* கரைத்து விட்டோம். கீழே தண்ணீர் வெளிவரும் இரண்டு இடங்களிலும் ஆளுக்கு ஒன்றாகக் காவல்.

“வந்துச்சா?” என்று கத்தினாள்.

“வரல. உனக்கு?”

“அட்டைதான் வந்துச்சு. ரெண்டு அனுப்பவா?”

சாயம் இரண்டிலும் வரவில்லை.

* துணிக்குப் போடும் சாயம். அது மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று பிறகுதான் படித்தோம். இரண்டு பட்டதாரிகள்!

4

மாமனார் போன் செய்தார்.

“முடிஞ்சுதா மாப்ள?”

“ஓடை எங்க போகுதுன்னே தெரியல மாமா.”

“கதைதானே? ஆத்துல கலந்துச்சுன்னு போடுங்க. அப்புறம்… கடைசியா என்னதான் சொன்னா? ஓடையப் பத்தித்தான் ஏதாவது சொல்லியிருப்பா. அதையும் போட்டுடுங்க.”

எப்போதும் இதே கேள்வி. “ஞாபகம் இல்ல மாமா” என்று எப்போதும் சொல்கிறேன். ஞாபகம் இருக்கிறது.

5

முடிவு அ: ஓடை ஆற்றில் கலக்கிறது. “தண்ணி தன் வழியைத் தானே தேடிக்கும்” என்று அவள் கடைசியாக…

(அப்படிப் பேசியிருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.)

முடிவு ஆ: ஓடை சதுப்பில் அடங்குகிறது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு…

பிடிக்கவில்லை. அவள் கையில் பென்சில் இருந்தது.

வாசகரே, ஓடையை ஆற்றில் விடுவீர்களோ, சதுப்பில் விடுவீர்களோ, உங்கள் பாடு. அவள் பேச்சை மட்டும் யாரையும் திருத்த விடமாட்டேன், அச்சடிக்கப்போகிற அவள் அப்பாவையும்.

மாமா, கடைசிப் பக்கம் எங்கே என்று தினமும் நீங்கள் அவளை நச்சரித்த வாரம் அது. வரைபடத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்:

“அப்பா போன் பண்ணா நான் குளிக்கிறேன்னு சொல்லு.”