சணல் மயில்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மூடிக் கிடந்த ஒரு பழைய குடோனுக்குத் தொண்ணூற்று மூன்றில் வெள்ளையடித்து, வரிசையாக டியூப் லைட் போட்டு, வீட்டு அலங்காரச் சாமான் விற்கும் கடையாக்கினார்கள். எடுத்துக் காட்ட ஆள் கிடையாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கையில் கொடுப்பார்கள். வேண்டியதை நாமே தொட்டுப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து பில் போட வேண்டும். விலையும் கூலிக்காரன் பயப்படுகிற விலை இல்லை. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும், குழாயில் கைகால் கழுவிக்கொண்டு துலுக்கானமும் அங்கம்மாவும் அங்கே போனார்கள்.

துலுக்கானம் கொத்தனார். அங்கம்மா அவன் பெண்டாட்டி, அவனுக்குச் சித்தாளும் அவள்தான். கல்யாணமான பதினோரு வருஷமும் யாரோ கட்டுகிற வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, சிமெண்ட் மூட்டைக்குக் காவலாகப் படுத்தவர்கள். வீடு முடிந்தால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடம். கிளம்புகிற அன்றைக்கு அங்கம்மா உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். வீட்டுக்கார அம்மா சுவரில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள். தான் கலவை சுமந்த சுவரில் வேறொருத்தி ஆணி அடிப்பதை அங்கம்மா பதினோரு வருஷமாகப் பார்த்துவிட்டாள்.

இப்போது திருநின்றவூரில் அரை கிரவுண்டில் அவர்களுக்கே ஒரு வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாகக் கட்டியது. நாளைக்குப் பால் காய்ச்சுகிறார்கள். வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற பெரிய சுவரில் நீளமாக, அழகாக ஏதாவது தொங்க வேண்டும் என்பது அங்கம்மாவின் ஆசை. அதற்குத்தான் கடைக்கு வந்தது.

அந்தச் சுவரில் எதுவுமே தொங்கிவிடக் கூடாதே என்பது துலுக்கானத்தின் கவலை.

ஒரு நாளைக்கு நாலு அடிக்கு மேல் சுவரை ஏற்றினால் கீழே இருக்கிற ஈரக் கலவை கனம் தாங்காது, சுவர் நகரும். அவசரப்படுத்துகிற வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேரிடம் அவனே இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறான். தன் வீட்டில் மட்டும் ஒன்பது அடியையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏற்றிவிட்டான். சாரத்துக்கு இரவல் வாங்கிய சவுக்குக் கட்டைகளை மறுநாள் காலையில் திருப்பித் தரவேண்டியிருந்தது. மழை வேறு இருட்டிக்கொண்டு நின்றது. அடுத்த வாரம் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், சுவர் உச்சியில் இரண்டு அங்குலம் அறைக்குள் சாய்ந்திருந்தது. விழாது. பூசிய பிறகு கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் மேலே ஆணி அடித்து நாலு அடி நீளத்துக்கு எதையாவது மாட்டினால் போதும். அது நேராகத் தொங்கும். அதன் அடியில் சுவருக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும்.

நாளைக்கு அய்யாசாமி மேஸ்திரி வருகிறார். இரண்டு பேருக்கும் வேலை கொடுப்பவர் அவர். நூம்பலில் மூன்று மாடி வேலை எடுத்திருந்தார். அதற்குத் தலைமைக் கொத்தனாராகத் துலுக்கானத்தைப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கொத்தனாரின் சொந்தச் சுவரே கோணல் என்று தெரிந்தால் அந்த யோசனை அதோடு சரி. இதையெல்லாம் துலுக்கானம் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

கடை வாசலில் வாட்ச்மேன் அவன் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தான். பூச்சுக் கரண்டியும் தூக்குக்குண்டும் உள்ளே இருந்த பை. அது போனதும் துலுக்கானத்துக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அங்கம்மா முதலில் எதையும் தொடவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாள் பீங்கான் யானையைக் குப்புறத் திருப்பி விலை பார்த்ததைக் கண்ட பிறகுதான் இவளும் ஒரு பூ ஜாடியை எடுத்தாள். சிமெண்ட் அரித்த விரலுக்கு அதன் வழவழப்பு தெரியவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள் என்றான் துலுக்கானம். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். ரெண்டு ரூபாய் ரிப்பனுக்கு மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள்.

அதன்பிறகு கடிகார வரிசை. பெண்டுலம் வைத்த கடிகாரம் ஒன்றை அங்கம்மா காட்டினாள். டக்கு டக்கென்று சத்தம் போட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும் என்றான். அருவி கொட்டுகிற சீனரிப் படத்துக்கு, பின்னால் பல்லி குடி வந்துவிடும் என்றான். பாசிமணி கோத்த திரையில் தூசி அடையும். மூங்கில் தட்டியில் கரையான் ஏறும். நடுநடுவே அவனாகவே சாமான் எடுத்துக் கூடையில் வைத்தான். பிளாஸ்டிக் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்று. பெரிதும் நடுவாந்தரமும் சிறிதுமாக மூன்று பீங்கான் வாத்துகள். வாத்து எதற்கு என்று அவள் கேட்டதற்கு, குடும்பமாக இருக்கிறதே, பிரிக்க மனசு வரவில்லை என்றான். இருவருக்கும் பிள்ளை இல்லை. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

கூடை கனத்தது. அங்கம்மா முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் வீசி நடந்தாள். கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு குழந்தை கைதட்டியது. துலுக்கானம் காதோரம் சொன்னான், இறக்கிக் கையில் பிடி என்று. தலை சும்மாதானே இருக்கிறது என்றாள்.

கடைசி வரிசையில்தான் அந்த மயில் இருந்தது. சணல் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் பின்னி, தோகைக்குப் பச்சையும் நீலமும் சாயம் ஏற்றி, அடியில் ஒரு மரக்குச்சி, குச்சியில் ஏழு சலங்கை. நாலு அடி நீளம். முப்பத்தெட்டு ரூபாய். அங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு மயிலைத் தூக்கிப் பிடித்தாள். சலங்கை அடங்கியதும் அது அசையாமல் நின்றது. துலுக்கானத்தின் கண்ணுக்கு அது மயிலாகத் தெரியவில்லை, தூக்குக்குண்டாகத்தான் தெரிந்தது.

வேண்டாம், சணல் நாறும் என்றான்.

அங்கம்மா மயிலை இறக்கவில்லை.

"தரையில நிக்கறதெல்லாம் நல்லா கீது, தொங்கறது மட்டும் நல்லால்லியா?"

"அப்டியில்லமே..."

"வேற எப்டி? அந்தச் செவுரு சாஞ்சிகினு கீதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு உனுக்குக் கல்லு எடுத்துக் குடுத்தது எவ? சாஞ்சி உக்காந்தா முதுவு படறதுக்கு முன்னாடி தலை இடிக்குது."

துலுக்கானம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாளாகத் தெரியுமா என்று கேட்டான். பூச்சுக்கு முன்னாலேயே தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீ ஏன் சொல்லவில்லை என்றாள். அவன் மேஸ்திரி வருவதைச் சொன்னான், நூம்பல் வேலையைச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியாக, அடிக் குச்சியையும் இரண்டு ஆணி வைத்துச் சுவரோடு சேர்த்து அடித்துவிடலாமா என்று கேட்டான். இடைவெளி தெரியாது.

"அப்பறம் சலங்கை எப்டி ஆடும்? கட்டிப் போட்ட மாரி கீறதுக்கு நான் எதுக்குய்யா மயிலு வாங்கறேன்?"

ஜாடியையும் தொட்டியையும் எடுத்த இடத்திலேயே அவள் திரும்ப வைத்தாள். வாத்துகளைக் கூடையிலேயே விட்டாள். மயிலைச் சுருட்டாமல் மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் திருநின்றவூர் வந்தாள்.

ஆணியை அங்கம்மாதான் அடித்தாள். இடம் காட்டியதோடு துலுக்கானத்தின் வேலை முடிந்தது. முதல் இரண்டு அடியும் கோணலாகப் போய், மூன்றாவது அடியில் ஆணி பிடித்தது. கட்டை விரலில் பட்டதை அவள் சொல்லவில்லை, அவன் பார்த்தும் கேட்கவில்லை. மயில் தொங்கியது. அடியில் விரல் நுழைந்தது.

மறுநாள் பத்து மணிக்கு மேஸ்திரி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவர் நேராக மயிலிடம்தான் போனார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஆள்காட்டி விரலைச் சலங்கைக்குப் பின்னால் நுழைத்தார். துலுக்கானம் எதையாவது சொல்வதற்குள் அங்கம்மா பால் டம்ளரோடு வந்து நின்றாள்.

"உச்சில ரெண்டு அங்குலம், மேஸ்திரி. ஒரே நாள்ல ஒம்போது அடி ஏத்துனது. திங்கக்கெழம விடியறதுக்குள்ள சவுக்குக் கட்டை வந்து சேரணும்னு சொன்னது நீங்கதான். நாபகம் கீதா?"

மேஸ்திரி விரலை வெளியே எடுத்தார். டம்ளரை வாங்கி, சூட்டோடு சூடாக முழுப் பாலையும் குடித்தார். சணலில் செய்ததா என்று கேட்டார். ஆமாம் என்றாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மணல் விலையைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினார். சுவரைப் பற்றிப் பேசவேயில்லை. துலுக்கானம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், ஒன்றும் காதில் ஏறவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது மேஸ்திரி குனிந்தபடியே சொன்னார்.

"நூம்பல்ல நாலு அடிடா. அதுக்கு மேல ஒரு வரி கல்லு வெச்சன்னு தெரிஞ்சிது, நானே வந்து இடிப்பேன். கட்டை எத்தினி நாளு வோணுமோ வெச்சிக்க. யாரும் கேக்க மாட்டாங்க."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். தன்னைத் தலைமைக் கொத்தனாராக வைத்துத்தான் பேசிவிட்டுப் போகிறார் என்பது, சைக்கிள் தெருமுனையில் திரும்பிய பிறகுதான் துலுக்கானத்துக்கு உறைத்தது.

அவன் உள்ளே வந்தபோது அங்கம்மா மூன்று வாத்துகளையும் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் காற்றுக்குச் சலங்கை லேசாகச் சத்தம் போட்டது.

"நீ வாங்குன வாத்துக்கு நிக்க எடமில்ல. ஒரு பலகை அடி."

"எந்தச் செவுத்துல?"

"நேரா கீற செவுத்துல."