மூன்று ஆண்டு ஆண்ட அரசன்

1

1996 பெப்ரவரி 11, ரொறன்ரோ, மில்லிக்கன். இராஜேஸ்வரி சச்சிதானந்தன் எழுபத்திரண்டு வயதில் காலமானார். பிள்ளைகள் நால்வர்.

கதை அங்கேதான் தொடங்கியது. நான் அதை இமயமலைச் சரிவில் தொடங்கினேன். வெள்ளைக்காரர் வருவதற்கு முந்திய ஒரு சிறு அரசு: இரண்டு பள்ளத்தாக்கு, ஒரு கணவாய், உப்பு சுமக்கும் ஆட்டு மந்தைகள். (வரைபடத்தில் தேட வேண்டாம். நான் உண்டாக்கிய நாடு.)

2

முதல் தொடக்கம்: "பனி உருகிய அன்று தம்பி தன் அண்ணனின் கூடாரத்துக்குள்..."

விட்டுவிட்டேன். கொலையை வர்ணிக்க ஆசை வந்துவிட்டது. எனக்குத் தேவை கொலையல்ல, அரண்மனையில் வம்சாவளி எழுதும் மனிதர்.

அண்ணன் மூன்று ஆண்டு ஆண்டான். அவனைக் கொன்று அரசனான தம்பி, அண்ணன் பெயர் வம்சாவளியில் இருக்கக்கூடாது என்றான். ஆண்டுகளில் இடைவெளி விடுவது அங்கே வழக்கமில்லை. எழுதுகிறவர் அந்த மூன்று ஆண்டுகளையும் இறந்துபோன தந்தையின் ஆட்சியோடு சேர்த்தார். செத்தவர் நாட்டை மூன்று ஆண்டு ஆண்டார்.

3

அவர் கெட்டிக்காரரா, பயந்தவரா? தெரியவில்லை. அவர் எங்கிருந்து வந்தார் என்பது தெரியும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நினைவு மலர் அடித்துக் கொடுப்பது ரொறன்ரோவிலும் நம்மவர் வழக்கம். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி. எழுதிக் கொடுப்பவன் நான். இராஜேஸ்வரியின் மூத்த மகன் வாகீசன் வந்தார்.

"மூண்டு பிள்ளையள் எண்டு போடுங்கோ, அன்புராசா அண்ணை."

"உங்கட தம்பி ராகுலன்?"

"அவன் ஊரில சண்டைக்குள்ள மற்ற இயக்கத்தில, எதிர்ப்பக்கம் இருந்தவன். பேரைப் போட்டா சனம் மண்டபத்துக்கு வராது. ரோல்ஸையும் வடையையும் நாங்கள்தான் ஒரு கிழமைக்குச் சாப்பிடோணும்."

நான் சிரித்தேன். அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த நாள் பிக்கரிங்கிலிருந்து ராகுலன் ரெலிபோன் எடுத்தான்.

"கொள்ளி வைக்க விடேல்லை, அதை விடுங்கோ அண்ணை. அம்மாவின்ர பிள்ளையெண்டு ஒரு வரியில என்ர பேர் வந்தாக் காணும்."

"அச்சுக்குப் போயிட்டுது தம்பி."

போகவில்லை. என் மேசையில் கிடந்தது.

4

மலைநாட்டுக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. எழுதுகிறவர் பெயரை எழுதித் தலையை இழக்கிறார். (என்னிடம் இல்லாத துணிவை அவருக்குக் கொடுக்கிறேன்.)

ஆ. தம்பி ஒருநாள் தானே வந்து, எழுது என்கிறான். (வாகீசன் வரவில்லை.)

இ. இருநூறு ஆண்டு கழித்து ஒருவர் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்து, விடுபட்ட அரசனைக் கண்டுபிடிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எழுதுகிறவரை மன்னித்துவிடுகிறது. ஆகவே இதை நான் நம்பவில்லை.

அவருக்கு எது பொருந்தும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

மார்ச் 12 அன்று மண்டபத்தில் இருநூறு மலர்கள் கொடுக்கப்பட்டன. ராகுலன் வந்தான். ஒன்றை வாங்கி, வம்சாவளிப் பக்கத்தில் மூன்று பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தான். அதை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, சாப்பிடாமல் போனான்.