பொட்டிப்புரத்து ராக்கையாவின் படம்

இது எந்த மாதம் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆவணியாக இருக்கலாம். யார் எதை எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமுண்டு. நடந்ததில் சந்தேகமில்லை.

சின்னமனூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் விஜய்பாண்டி அந்த வாரம் கடைக் கம்ப்யூட்டரில் புது ஓ.எஸ். போட்டிருந்தான். வாடிக்கையாளர்களின் ஃபோல்டர்களைப் புது டிஸ்க்கின் டெஸ்க்டாப்பில் கொட்டிவிட்டு, பழைய டிஸ்க்கைத் துடைத்து விற்றுவிட்டான். பிறகு ஒவ்வொரு மென்பொருளாக ஏற்றினான். தமிழ் டைப்பிங், டிசைன், பிரிண்டர், ஸ்கேனர். ஒன்றை ஏற்றினால் மூன்று ஐகான் வந்து உட்கார்ந்தது. டைப்பிங்கோடு, கேட்காமலே, ஜாதகம் கணிக்கிற ஒன்றும் வந்தது. அதன் ஐகான் ஒரு குத்துவிளக்கு.

"இது கம்ப்யூட்டரா, தேனி பஸ் ஸ்டாண்டா?" என்றாள் அவன் மனைவி ஓவியா. கடையில் தட்டச்சு வேலை அவளுடையது. "ஒரு காதுகுத்து ஃபைலத் தேட எனக்கு அரை நாள் ஆகுது. ஒதுக்கி வைங்க."

"வைக்கிறேன்."

"ஷார்ட்கட்ட மட்டும் தூக்குங்க. ஷார்ட்கட்டுன்னா ஐகான் ஓரத்துல சின்னதா அம்பு இருக்கும், பாத்துச் செய்யுங்க."

அம்புகள் இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று, ஒரு வீடியோவைப் பார்த்து முந்தின நாளே அவற்றை மறைத்திருந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

முன்பொரு முறை, இறந்துபோன ஒருவரின் படம் தவறுதலாகக் காதுகுத்து பேனரில் ஏறி, தாய்மாமன்மார் கடைக்கே வந்து சண்டை போட்டார்கள். அதிலிருந்து இறந்தவர்களின் ஃபோல்டருக்கு மட்டும் அவன் விளக்குப் படத்தை ஐகானாக வைப்பான். வேலை முடிந்ததும் அழித்துவிடுவான். ஒன்றைத்தான் வைத்திருந்தான். பொட்டிப்புரம் ராக்கையாவுடையது. அவர் மனைவி மொக்கம்மாள் போன வருடம் கேட்டுக்கொண்டது அது. "ஏப்பா, படம் ஒங்கிட்டயே இருக்கட்டும். மகன் போன் கெணத்துல விழுந்துருச்சு. எங்கிட்ட இருந்தா தொலைச்சிருவேன்."

வெள்ளிக்கிழமை பூசைக்கு முன் கடையைக் கூட்டும்போது கம்ப்யூட்டரையும் கூட்டுவது அவர்கள் வழக்கம். அன்று ஓவியா சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். விஜய்பாண்டி ஐகான்களை வரிசை வரிசையாக மவுஸால் வளைத்து, குப்பைத் தொட்டிக்கும் போகாதபடி ஷிஃப்ட்டை அழுத்தி அழித்தான். இரண்டு விளக்குகளும் போயின. இரண்டுமே ஜாதகம் என்று நினைத்தான். திரை சுத்தமாக இருந்தது. மனசுக்கு நன்றாகவும் இருந்தது.

திங்கட்கிழமை மொக்கம்மாள் வந்தாள்.

"வர்ற வெள்ளிக்கு அவுக போயி வருசம் திரும்புது தம்பி. அவுக படத்தப் பெருசாப் போடு. போன வருசம் சிறுசாப் போட்டுட்டன்னு மச்சான்மார் சொன்னாக."

அவன் தேடினான். தேடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. "போட்டுருவோம் ஆத்தா" என்றான்.

தேனியில் டிஸ்க் பார்க்கிற ஆள், இந்த மாதிரி டிஸ்க்கில் அழித்தது அழித்ததுதான் என்று கையை விரித்தார். கடையில் கிடந்த ராக்கையாவின் ஆதார் நகலில் இருந்தது முகமென்று சொல்ல முடியாத நிழல். அப்போதுதான் போன வருடத்து ஃப்ளெக்ஸ் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை பொட்டிப்புரம் போனான். அளவு பார்க்க வந்ததாகச் சொல்லி, பழைய ஃப்ளெக்ஸ் எங்கே என்று கேட்டான்.

"ஆட்டுக் கொட்டாய்க்கு மேல போட்டுருக்கேன். மழைக்கு ஆகும்ல" என்றாள் மொக்கம்மாள்.

ஏணி வைத்து ஏறினான். வெயில் முகத்தைத் தின்றிருந்தது. காதும் மீசையின் ஒரு பாதியும் மிச்சம். அதைப் படமெடுத்துக்கொண்டு இறங்கினான். கீழே அவள் மோர் வைத்திருந்தாள். குடித்தான்.

முகத்தைச் சரிசெய்து தரும் ஒரு ஆப்பில் அந்தப் படத்தைக் கொடுத்தபோது முழுமுகம் வந்தது. தெளிவான கண்கள், லேசான சிரிப்பு.

"அவரு இப்படியா இருந்தாரு?" என்று கேட்டாள் ஓவியா.

"யாருக்குத் தெரியப்போவுது."

"அவுகளுக்குத் தெரியும். சொல்லிருங்க."

மறுநாள் மொக்கம்மாள் கடைக்கு வந்து திரைக்கு முன் உட்கார்ந்தாள். பிரிண்டர் ஓடி நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆளு நல்லாத்தான் இருக்காக" என்றாள் கடைசியில். "யாரு இவுக?"

விஜய்பாண்டி சொன்னான். விளக்கை, அம்பை, ஷிஃப்ட்டை, எல்லாவற்றையும். அவளுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. படம் இல்லை என்பது புரிந்தது.

"நேத்து ஏணியில ஏறும்போதே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் ஆத்தா."

"மோரக் குடிச்சியே."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"பேரு மட்டும் போடு. இந்த ஆள அழிச்சிரு."

வெள்ளிக்கிழமை பொட்டிப்புரத்தில் படமில்லாத ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பெயரும் தேதியும் இருந்தன. மொக்கம்மாள் அதன்பின் அந்தக் கடைக்கு வரவில்லை. ஆடுகளை விற்றுவிட்டு மகனோடு கம்பத்தில் இருக்கிறாள். ஓவியா ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலைக்குப் போகிறாள். விஜய்பாண்டி கடையைத் தனியாக நடத்துகிறான். ராக்கையாவின் படம் எங்கும் கிடைக்கவில்லை.